செவ்வாய், இரண்டு நாற்பது

குழிக்குள் இறங்கி நிமிர்ந்து பார்த்தால்
எல்லா வாகனமும் ஒரே மாதிரித்தான்:
செம்மண் காய்ந்த வயிறு,
ஒழுகிய ஒயில்,
வல்லை வெளியின் உப்புக்காற்று தின்ற குழாய்.

புகை இப்போது பொய் சொல்லப் பழகிவிட்டது.
சோதனைக்கு முதல்நாள் நல்ல டீசல் அடித்து
வாடகை வடிகட்டி ஒன்றைப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள்.
சான்றிதழ் கைக்கு வந்தால்
மத்தியானமே கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.
அதனால்தான் இந்தச் சென்சர்.
சுண்டுவிரல் நகமளவு, பிசினுக்குள் ஒரு சில்லு.
அதிலிருந்து தலைமயிரிலும் மெல்லிய கம்பி
நான்கு போல்டுகளையும் சுற்றி
மீண்டும் தன்னிடமே வந்து சேரும்.
அறுந்தால் அறுந்ததுதான்.
ஒட்டிப் பார்க்கலாம், பிசின் பூசிப் பார்க்கலாம்,
அது ஏற்காது.

எனக்கு அதில் பிடித்தது,
அது எதையும் தடுப்பதில்லை.
பூட்டு அல்ல. ஆரும் திறக்கலாம்.
திறக்கவில்லை என்று மட்டும் பிறகு சொல்ல முடியாது.
இந்த ஊரில் எங்கள் பயணப்பைகளை,
கடிதங்களை, சோற்றுப் பார்சல்களைத்
திறந்து திறந்து மூடிய கைகளுக்கு
எந்தக் கம்பியும் கணக்கு வைக்கவில்லை.

பாலேந்திராவின் பள்ளிக்கூட வான்.
அச்சுவேலிப் பக்கத்துப் பிள்ளைகள் பதினாறு பேர்.
பின்கண்ணாடியில் ஒரு இறகு உரிந்த பட்டாம்பூச்சி,
ஆசனத்துக்கடியில் ஆரோ விட்டுப்போன ஒற்றைச் சப்பாத்து.
"ஒருத்தரும் கை வைக்கேல்லை மிஸ்,
வடிவாய்ப் பாருங்கோ."
வடிவாய்த்தான் பார்த்தேன்.
பழைய போல்டுகளில் புதுக் கிறீஸ்.
வாசிப்பானைக் கிட்டப் பிடித்தேன்.
கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு
திரை எழுதியது:
திறக்கப்பட்டது.
செவ்வாய், பிற்பகல் 2.40.

செவ்வாய் எனக்கு லீவு.
இரண்டு நாற்பதுக்கு
இணுவிலில், அண்ணனின் கராச்சில்,
கவிழ்த்த பெயின்ற் வாளியொன்றின் மேல் இருந்தேன்.
ஒரு வானுக்கு அடியில் குகதாசன். கால்கள் மட்டும் வெளியே.
எந்த வான் என்று நான் பார்க்கவில்லை.
மடியில் பார்சல் ஆறிக்கொண்டிருந்தது.
"சாப்பிட்டிட்டுச் செய்யன்."
"பொறு, ஒரு போல்ட்தான்."
ஸ்பனர் விழுந்த சத்தம் கேட்டது,
பிறகு சீமெந்தில் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்த சத்தம்.
கம்பி அறுந்தது கேட்கவில்லை.

குழிக்குள் நின்றபடியே போன் எடுத்தேன்.
ஒளிக்கவில்லை அவன்.
"ஓமடி, அடைச்சுப் போச்சு, வான் ஏத்தத்திலை இழுக்கேல்லை.
புதுசு நாலு லட்சம்.
பாலேந்திரா அண்ணைக்கு மூண்டு மாசமாய்
பிள்ளையளின்ரை காசே முழுசா வரேல்லை.
உள்ளுக்குள்ளை இருந்ததை இடிச்சுக் கொட்டிப்போட்டன்.
வெறும் கோதுதான். வெளியிலை ஒண்டும் தெரியாது."

மேலே பாலேந்திராவின் செருப்புகள்
விளிம்பில் வந்து நின்றன.
"என்னவாம் மிஸ்?"
"திறந்திருக்காம்."
"ஆர் எண்டு சொல்லுதோ?"
"இல்லை. அதுக்குத் தெரியாது."
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.
அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நெற்றி,
எல்லாரும் சொல்வார்கள்.
"அப்ப நானும் சொல்லேல்லை" என்றார்.

அது எனக்குத் தந்த சலுகையா,
என்னிடம் கேட்ட சலுகையா,
இன்னும் பிடிபடவில்லை.

தகுதியில்லை என்ற பெட்டியில் கோடு போட்டேன்.
திங்கட்கிழமை பதினாறு பேரும் எதில் போவார்கள் என்று
படிவம் கேட்கவில்லை.
கோதின் வழியே வருவதைக்
கடைசி ஆசனத்துப் பிள்ளை எத்தனை நாள் மூச்சிழுத்தது என்றும்
கேட்கவில்லை.
குறிப்பு என்று ஒரு இடம் விட்டிருந்தார்கள், இரண்டு வரிக்கு.
பேனை அங்கே நின்றதில்
நீலமாய் ஒரு புள்ளி பெருத்தது.

இன்று செவ்வாய்.
பார்சலைக் கட்டிவிட்டேன்.
ரப்பர் வளையத்தை ஒருமுறை கழற்றி
மறுபடி போட்டுப் பார்த்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.